டால்பின் இல்லாத படங்கள்

பீதாம்பர் கேமராவைப் பார்த்தான். இந்த முறையும் தண்ணீர்தான் விழுந்திருந்தது. சிலிகா ஏரியின் தண்ணீரை இவ்வளவு அக்கறையாக யாரும் படமெடுத்ததில்லை.

"வால் விழுந்துச்சா பாபு?" என்றான் படகோட்டி பைதர்.

"வால் போன இடம் விழுந்துச்சு."

சாதபடா துறையில் திறக்கப்போகும் விடுதிக்குச் சுவர் நிறைய டால்பின் படம் வேண்டும். இன்று இருட்டுவதற்குள் வராவிட்டால் வேலையை விட்டுப் போய்விடு என்று ஸ்டூடியோ முதலாளி சொல்லியிருந்தார்.

"உன் இன்ஜின் சத்தத்துக்கு நானே ஓடிருவேன். நிறுத்து."

பைதர் நிறுத்தினான். காற்று படகைத் தள்ளிக்கொண்டுபோய் யாரோ கட்டியிருந்த இறால் வலைமேல் விட்டது.

"இப்ப என்னடா பண்றது?"

"ஸ்டார்ட் பண்ணிப் பின்னால எடுத்துரலாம்."

இன்ஜின் ஒரு சுற்று சுற்றியது. வலை மொத்தமும் படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் சுருண்டது. பைதர் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்கினான்.

வலைக்காரர் லோகநாத் மூங்கிலை ஊன்றிக்கொண்டு சின்னத் தோணியில் வந்தார்.

"எந்த நாய்டா என் வலையில படகை விட்டது?"

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்று பீதாம்பர் எழுந்து நின்று கும்பிட்டான். இரண்டு கையும் கும்பிடப் போனதில் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. விழும்போது கேமராவை மட்டும் அவர் கையில் திணித்தான்.

தண்ணீர் மார்பளவுதான். மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. கண்ணெல்லாம் சேறு. குனிந்து அடியில் துழாவினான். பக்கத்தில் புஸ்ஸென்று மூச்சு கேட்டது.

"மூச்சு வாங்கினது போதும், அறுடா பைதர்!"

மேலே கேமரா 'கிளிக்' என்றது.

"என்னண்ணே பண்றீங்க?"

"படம். இப்படித் திரும்பு. சிரி."

துறைக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் குடும்பப் படத்துக்கு லோகநாத்திடம்தான் கேமராவை நீட்டுவார்கள். கேமரா கைக்கு வந்தால் எடுத்துவிடுவார்.

கண்ணாடி கிடைக்கவில்லை. வலை அறுந்தது. பீதாம்பர் படகில் ஏறி, கேமராவை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தான். சேறு பூசிய அவன் முகம். அடுத்ததிலும் அதே முகம். பின்னால் வெறும் ஏரி. வெளிச்சம் போய்விட்டது. வேலையும்தான்.

"நல்லா வந்திருக்கா?" என்றார் லோகநாத்.

"மூஞ்சி தெளிவா இருக்கு."

"பின்னே? நாலு டால்பின் குறுக்க குறுக்க எழும்பி உன் மூஞ்சிய மறைச்சுக்கிட்டே இருந்துச்சு. எல்லாம் தொலையட்டும்னு காத்திருந்து அப்புறம்தான் அமுக்கினேன்."