மூன்று நிமிடத் தனிமை

"எங்க ஊருல தனி ஆளே கிடையாது சார்," என்றாள் பரளச்சி கிராமத்துத் தங்கமாரி. "எல்லாம் சொந்தக்காரவுக. சும்மா தனியா உக்காந்தாலே நாலு பேரு வந்து என்னாச்சும்பாக."

திரைப்பட ரசனைப் பாடத்துக்கு ஜெகதீஸ்வரன் கொடுத்திருந்த கடைசி வேலை அது. தனியாக இருக்கும் ஒருவரை அவருக்கே தெரியாமல் செல்போனில் மூன்று நிமிடம் படம் எடுத்து வர வேண்டும். வகுப்பில் மொத்தமே ஒன்பது பேர். ஒன்பது பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். சரி, தொலையட்டும் என்று ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

அவருக்கும் அலுத்துப் போயிருந்தது. ஈரோட்டை விட்டு அருப்புக்கோட்டைக் கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்து ஒரு செமஸ்டர் ஓடிவிட்டது. திரும்பிப் பார்த்தால் என்ன மிச்சம்? பன்னிரண்டு படம் போட்டார். விளக்கை அணைத்ததும் பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்க நழுவினார்கள். கேட்ட கேள்வியெல்லாம் கிணற்றில் போட்ட கல். வகுப்புக்கு வெளியே ஒருவரும் அவரிடம் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாயைத் திறக்கவே அவருக்குக் காரணம் இருக்காது. நாற்பத்தோரு வயதில் இது என்ன பிழைப்பு என்று ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செமஸ்டர் முடியும் வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் பரோட்டாக் கடையில் வழக்கமான மூலை மேஜையில் தின்றுகொண்டிருந்தவர், எதிரே தன் வகுப்பு அழகுராஜாவைப் பார்த்தார். அவன் கையில் செல்போன். இந்தக் காலத்தில் யார் கையில்தான் இல்லை? ஜெகதீஸ்வரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து இரண்டு பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அவன் அழாத குறையாகத் தின்றுவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை டீக்கடையில் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர். மூன்று பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, ஈரோட்டுக் கதையெல்லாம் சொன்னார்.

புதன்கிழமை கண்மாய்க்கரையில் நடந்தபோது தங்கமாரியும் அவள் தோழிகளும் பின்னால் வந்தார்கள். நின்று சேர்ந்துகொள்ளப் பார்த்தார். நீங்கள் முன்னால் போங்கள், நாங்கள் பின்னால் வருகிறோம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்கள். என்ன மரியாதை என்று பூரித்துப் போனார். விடாமல் அவர்கள் பக்கம் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே நடந்தார்.

வியாழக்கிழமை முகம் மழித்து, புதுச் சட்டை போட்டு, சீட்டியடித்துக்கொண்டே வெளியே வந்தார். வாசலில் அதே வகுப்புச் சுந்தரபாண்டி செல்போனோடு நின்றிருந்தான்.

"சார், நீங்க எப்பவும்போல இருங்க சார்," என்று கெஞ்சினான்.

ஜெகதீஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை ஒட்டுதலை மனசுக்குள் வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளைகள் ஒரு செமஸ்டர் முழுக்கத் தூங்கினார்கள்? அன்றைக்கே கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது பேருக்கும் வடை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கை அணைத்து முதல் படத்தை ஓடவிட்டார்.

திரையில் ஒரு மூலை மேஜை. கட்டம் போட்ட பழைய சட்டையில் ஒருவர் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ பார்த்த சட்டையாக இருந்தது.

இருட்டில் தங்கமாரியின் குரல் வந்தது.

"மார்க்கக் குறைச்சிராதீக சார். ஒம்பது பேரும் ஊரெல்லாம் தேடி ஒரே ஒரு தனி ஆளத்தான் கண்டுபிடிச்சோம், அவுகளும் இந்த வாரம் பூரா சிரிச்சுக்கிட்டே திரிஞ்சுட்டாக."