டிராகனுக்குக் கண் திறந்த சனிக்கிழமை

செங்காங்,
சனிக்கிழமை மதியம்.

மதிப்பிற்குரிய மைத்துனர் ராஜீவ் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கையைக் கைப்பிடித்த ரத்னவேல் பணிவன்புடன் வரையும் மடல். இவ்விடம் நான், சுஷ்மிதா, மகள் சிவானி மூவரும் நலம். அரிசி மட்டும் நலமில்லை, அந்த விவரம் கீழே வருகிறது. பெர்த் நகரில் தாங்களும் தங்கள் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். வாட்ஸ்அப் இருக்கும்போது இவன் ஏன் தாளில் எழுதுகிறான் என்று தாங்கள் யோசிக்கலாம். குடும்ப குரூப்பில் போட்டால் சுஷ்மிதா படித்துவிடுவாள். இதில் அவள் வைத்த ரசத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை இருக்கிறது.

நிற்க. சிவானியின் ஆறாவது பிறந்தநாளுக்குத் தாங்கள் அன்போடு அனுப்பிய அந்தப் பெரிய விளையாட்டுப் பெட்டியை, டிசம்பரில் வரும்போது தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடவும். டிராகன், பூதம், மந்திரவாதி, எலும்புக்கூட்டுப் படை, குள்ளன் யாரும் எனக்கு வேண்டாம். கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். கோபத்தில்தான் சொல்கிறேன்.

மச்சான், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? நான் கப்பல் வேலையை விட்டுட்டு கரையோட வந்தது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். புள்ள வளர்றதை போன்லயே பாத்தவன் நான். போன்ல இருந்தவரைக்கும் அவளும் நல்லாத்தான் வாயாடினா. நேர்ல வந்து உக்காந்தப்புறம்தான் வந்தது வினை. வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழைஞ்சா, "உக்காருங்கப்பா"ங்கிறா. விருந்தாளிக்குன்னு உங்க தங்கச்சி எடுத்து வெச்சிருக்கிற பூப்போட்ட கண்ணாடி டம்ளர்ல தண்ணி கொண்டாந்து ரெண்டு கையாலயும் கொடுக்கிறா. "அம்மா இப்ப வந்துடுவாங்க"ன்னு சொல்லிட்டு எதிர்ல நிக்கிறா. என்ன கேட்டாலும் தேங்க்யூப்பா, பரவால்லப்பா. அவ அம்மாகிட்ட மட்டும் கத்துறா, அழுறா, காலை உதைக்கிறா. பாத்தா பொறாமையா இருக்கு மச்சான்.

அந்த நேரத்துலதான் உங்க பெட்டி வந்துச்சு. திறந்தா ஆட்டத்துச் சட்டம் போட்ட ஒரு புத்தகம், அப்புறம் எல்லாப் பொம்மையும் சாம்பல் கலர்ல, கட்டைவிரல் உசரத்துல. நாமதான் கலர் அடிச்சு, ரெண்டு அணியாப் பிரிச்சுச் சண்டைக்கு விடணுமாம். சரி, கப்பலுக்கே பெயிண்ட் அடிச்சவன், குள்ளனுக்கு அடிக்க மாட்டேனான்னு பிரஷ்ஷோட உக்காந்தேன். இந்தச் சாக்குலயாவது எங்கூட விளையாட வருவாளேன்னு ஒரு நப்பாசை. வந்தா. பக்கத்துல உக்காந்தா. ஆனா பூதத்துக்குப் புத்தகத்துல போட்டிருக்கிற கலரை ஒத்துக்கல. கோபுரத்துல பாத்த கலர்தான் வேணுமாம், ரோஸ், கிளிப்பச்சை, ஆகாச நீலம். எலும்புக்கூடுங்களுக்குச் சிவப்புக் கரை வேட்டி. மந்திரவாதி நெத்தியில திருநீறு. கெட்டவனாச்சேம்மா, அவனுக்கு எதுக்குப் பட்டைன்னு கேட்டேன். "இப்பதான் குளிச்சிட்டு வந்திருக்காருப்பா" அப்படின்னா. அவ எங்கிட்ட இவ்வளவு பேசின குஷியில பிரஷ்ஷைக் கோப்பியில முக்கிட்டு, பிரஷ் கழுவுன தண்ணியை ஒரு மடக்கு குடிச்சேன். உசுருக்கு ஒண்ணும் ஆகல, நாக்கு மட்டும் ரெண்டு நாள் நீலமா இருந்துச்சு.

பொம்மை முகத்துல கை வைக்கப் போனப்பதான் "ஸ்டாப்பா!"ன்னு ஒரு சத்தம். கண்ணை இப்ப வரையக் கூடாதாம். போன மாசம் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்கு அம்மாவும் மகளும் போயிருந்தாங்க. புதுச் சிலைன்னா முதல்ல தண்ணிக்குள்ள வைப்பாங்க, அப்புறம் நெல்லுக்குள்ள வைப்பாங்க, கடைசியா நல்ல நேரம் பாத்துக் கண்ணைத் திறப்பாங்க, அப்பதான் உசுரு வரும்னு உங்க தங்கச்சி வரி விடாம விளக்கியிருக்கா. ஸ்கூல்ல டீச்சர் சொல்றது மறுநாளே மறந்துடுது, இது மட்டும் ஒரு எழுத்து பிசகாம மண்டையில நிக்குது. "கண்ணு திறக்காம எப்படிப்பா சண்டை போடும்? அது பாவம்பா"ங்கிறா. சாமிக்குச் செய்யறதைப் பொம்மைக்குச் செய்யலாமான்னு எனக்குச் சந்தேகம். கோயில் குருக்களுக்கே போன் போட்டுக் கேட்டேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, மந்திரம் மட்டும் வேணாம், குழந்தை இஷ்டப்படி செய்யுங்கன்னு வெச்சுட்டாரு.

தண்ணிப் படலம் பக்கெட்ல சுமுகமா முடிஞ்சுது. நெல்லுக்கு எங்க போறது? HDB அடுக்குமாடி வீட்டுல நெல்லு ஏது? எனக்குத் தெரியாம மொத்தப் பட்டாளத்தையும் அரிசி டப்பாவுக்குள்ள புதைச்சுட்டா. மச்சான், பெயிண்ட் முழுசாக் காயல. பூதத்து உடம்பெல்லாம் அரிசி ஒட்டி அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு. அது தெரியாத உங்க தங்கச்சி ஆபீஸ் போற அவசரத்துல டப்பாவுக்குள்ள கையை விட்டு அரிசியை அள்ளிக் கழுவி குக்கர்ல போட்டுட்டா. ராத்திரி நான் ரசத்தை ஊத்திப் பிசையறேன், விரல்ல சுருக்குன்னு ஒரு ஈட்டி. எடுத்துப் பாத்தா குள்ளன்! வெந்து, வளைஞ்சு, தாடியில கறிவேப்பிலையோட நிக்கிறான். ரசத்துல கொஞ்சம் புளி தூக்கலா இருந்ததால வேற ருசி எதுவும் தெரியல, அதையும் இங்க சொல்லிக்கிறேன். "ஐயோ, என்ன லா இது!"ன்னு இந்த ஊரு 'லா'வைப் போட்டு சுஷ்மிதா கத்துறா. சிவானி மட்டும் நிதானமா, "மெதுவாப்பா, அவனுக்கு இன்னும் கண்ணு தெரியாது" அப்படின்னா. அரிசியில பாதியைத் தூக்கிப் போட்டோம்.

இன்னிக்குக் காலையில கண் திறப்பு. நேத்தே தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் டிராகனுக்கு மாலை வாங்கினோம். எந்த சாமிக்குன்னு பூக்காரம்மா கேட்டாங்க. நான் முழிக்கிறதுக்குள்ள சிவானி "டிராகனுக்கு, ஆன்டி"ன்னுட்டா. அந்தம்மா ஒரு கேள்வி கேக்கணுமே, ம்ஹூம், கழுத்து அளவு மட்டும் கேட்டு மல்லியில விரல் நீளத்துக்குக் கட்டிக் கொடுத்தாங்க. காலண்டர்ல ராகு காலம் தள்ளி நேரம் குறிச்சாச்சு. கண்ணு திறக்கிறவங்க விரதம் இருக்கணுமாம், அதனால எனக்குக் கோப்பி கிடையாது. கண்ணு திறந்ததும் முதல்ல கண்ணாடி காட்டணும், பசுமாட்டைக் காட்டணும். கண்ணாடிக்கு உங்க தங்கச்சி பவுடர் டப்பா. செங்காங்ல பசுமாட்டுக்கு நான் எங்க போவேன்? அவளே ஃப்ரிட்ஜைத் திறந்து, மாட்டுப் படம் போட்ட பால் பெட்டியை எடுத்துக்கிட்டு வந்து தயாரா நின்னா.

கோப்பி இல்லாத கை எப்படி நடுங்கும்னு உங்களுக்குத் தெரியாதா? மூச்சை அடக்கிக்கிட்டு டிராகனோட வலது கண்ணுல புள்ளி வெச்சேன். அது மூக்குப் பக்கம் போச்சு. இடது கண்ணுல வெச்சேன். அது காதுப் பக்கம் போச்சு. சுத்தமான மாறுகண்ணு! துடைக்கலாம்னு பாத்தா, திறந்த கண்ணை மூடக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு சட்டம் வெச்சிருக்கா. பூதம் கூரையைப் பாக்குது. மந்திரவாதி தன் மூக்கையே பாக்குறான். வெந்த குள்ளன் ஒருத்தனுக்குத்தான் பார்வை ஒழுங்கு. சிவானி ஒவ்வொண்ணுக்கும் பவுடர் டப்பாவையும் பால் பெட்டியையும் காட்டி முடிச்சா. டிராகனை ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்து, "பரவால்லப்பா. தேங்க்யூப்பா"ன்னு சொல்லிட்டு, எல்லாத்தையும் பெட்டியில போட்டு எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. அழுதிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் மச்சான். அந்தத் தேங்க்யூவைத்தான் தாங்க முடியல. டீச்சர் கிட்ட சொல்ற மாதிரி சொன்னா. எனக்கு வெக்கமில்லாம அழுகை வந்துடுச்சு. அந்த மேசையிலயே உக்காந்துதான் இதை எழுதுறேன்.

ஆகவே, மேற்சொன்ன பெட்டியைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு மீண்டும் வேண்டுகிறேன். எனக்கு விளையாடும் கொடுப்பினை இல்லை. அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு குடை அனுப்பினால் போதும், அதற்குக் கண் கிடையாது. முதுகுக்கு வேளா வேளைக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளவும். பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு என் ஆசியையும், தாங்களே பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் சொல்லைத் தட்டாத,
ரத்னவேல்.

பி.கு.: மச்சான், மேல எழுதுனதெல்லாம் கேன்சல். பெட்டி மேல கையை வெச்சா நல்லா இருக்காது, சொல்லிட்டேன். கவரை ஒட்டப் போற நேரத்துல கதவு படார்னு திறந்துச்சு. "அப்பா! டிராகன் ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் பாக்குதுப்பா! அப்போ ரெண்டு பேரைக் கடிக்கலாம்!"னு ஓடி வர்றா. உள்ள உக்காந்து யாரு எந்தப் பக்கம் பாக்குறாங்கன்னு ஒவ்வொண்ணாக் கண்டுபிடிச்சுக்கிட்டு இருந்திருக்கா. பூதம் கூரையைப் பாக்குறதால அவன் கிட்ட நைசா போயிடலாம். மந்திரவாதி தன் மூக்கைத் தவிர எதையும் அடிக்க முடியாது. உங்க புத்தகத்துல இருக்கிற சட்டம் ஒண்ணும் இப்ப செல்லாது. தரையில உக்காந்து சாயங்காலம் வரைக்கும் ஆடினோம். என் பக்கத்து ஆளுங்க அத்தனை பேரையும் டிராகன் தின்னுடுச்சு. ஏமாத்துறேன்னு சொல்லி என் தொடையில ஒரு அடி வேற அடிச்சா, இன்னும் எரியுது, அவ்வளவு சந்தோஷம். நடுவுல எனக்குத் தாகம். பழக்க தோஷத்துல, "சிவானி, அப்பாவுக்குத் தண்ணிம்மா"ன்னேன். தலையைக்கூடத் தூக்கல. "ஐயோ, நீங்களே போய் எடுத்துக்குங்க லா! எனக்கும் கொண்டாங்க. சீக்கிரம், உங்க டர்ன்!"ன்னா. ஓடினேன் மச்சான். பூப்போட்ட டம்ளரைக் கழுவித் துடைச்சு மேல் தட்டுல எடுத்து வெச்சாச்சு. டிசம்பர்ல நீங்க வருவீங்கள்ல, உங்களுக்கு ஆகும்.