மாப்பிள்ளை நாளுக்கொரு கத்தி கொண்டு வருகிறார்

நெடுந்தீவு மேற்கு,
வெள்ளிக்கிழமை, பின்னேரம்.

பேரன்புக்குரிய அக்காவுக்கு, தம்பி இலட்சுமணன் வணக்கத்துடன் எழுதுவது.

அம்பாளின் கிருபையால் இங்கே நானும் பரிமளமும் பிள்ளை நிலாந்தினியும் மாடுகளும் சுகமாக இருக்கிறோம். மாடுகளைப் பற்றி எழுதியது முழு உண்மை. மற்றவர்களைப் பற்றி, கடிதத்தை வாசித்து முடித்த பிறகு நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அத்தானின் முழங்கால் நோவுக்கு நான் அனுப்பிய எண்ணெய் கிடைத்ததா? இந்தக் காலத்திலும் கடிதமா என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. ஃபோனில் கதைத்தால் என் குரல் மதில் தாண்டிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளையின் காதில் விழக்கூடாத விஷயம் இது. அதனால்தான் மாட்டுக்கொட்டிலில் இருந்து எழுதுகிறேன்.

விஷயம் நீங்கள் பார்த்து அனுப்பிய மாப்பிள்ளை றெக்ஷனைப் பற்றியது. ஆள் நல்ல பிள்ளைதான். கும்பிடச் சொன்னால் கும்பிடுகிறார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார், அங்கே உங்கள் கனடாவில் பிறந்து வளர்ந்தும் அங்கிள், அன்ரி என்பதைத் தவிர மற்றதெல்லாம் தமிழில்தான் கதைக்கிறார். ஒரேயொரு கேள்விக்கு மட்டும் நீங்கள் எனக்குப் பதில் எழுத வேண்டும். ஒரு மனிதன் ஏன் பல கத்திகள் வைத்துக்கொண்டு, அதில் நாளுக்கொன்றாக மாற்றி மாற்றிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு திரிய வேண்டும்?

முதலில் இருந்து சொல்கிறேன். போன சனிக்கிழமை குறிகட்டுவானில் படகேறி வந்து இறங்கினார். படகில் இரண்டு தரம் சத்தி எடுத்ததால் ஆள் வாழைத்தண்டு மாதிரி வெளுத்துப் போயிருந்தார். அப்படியிருந்தும் விடுதியில் பையை வைத்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் தந்துவிட்ட பார்சலைக் கொடுத்தார். நான் கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கப் போக, "பொறுங்கோ அங்கிள்" என்று பொக்கற்றில் இருந்து கறுப்புப் பிடி போட்ட வில்லுக்கத்தி ஒன்றை எடுத்து, ஒரு விரலால் விரித்து, சிக்கென்று கயிற்றை வெட்டி, மடித்து உள்ளே வைத்துவிட்டார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். பொக்கற்றில் ஃபோனைத் தவிர வேறொன்றும் வைத்திருக்காத இந்தக் காலத்தில் ஒரு கத்தி வைத்திருக்கிறாரே, குடும்பத்துக்கு உதவுவார் என்று பரிமளத்திடம் சொன்னேன். ஞாயிறு முழுக்க அவர் விடுதியிலேயே படுத்திருந்தார். திங்கட்கிழமை மத்தியானம் வந்தவர், பரிமளம் பூசணிக்காயோடு மல்லுக்கட்டுவதைக் கண்டு கத்தியை எடுத்து நீட்டினார். அது வெள்ளைப் பிடி. பரிமளம் கையை உதறிக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். "ஐயோ, கையிலை தராதையுங்கோ தம்பி! கீழை வையுங்கோ, நான் எடுக்கிறன். கையுக்குக் கை கத்தி மாறினால் சண்டை வரும்." அவர் பயந்துபோய்க் கத்தியை நிலத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார், ஏதோ ஆயுதம் ஒப்படைத்தவர் போல. செவ்வாய்க்கிழமை வந்தபோது மாம்பழம் வெட்டிய கத்திக்குப் பிடி சிவப்பு.

கறுப்பு எங்கே, வெள்ளை எங்கே? ஒருவேளை படகில் விழுத்திவிட்டாரோ, அல்லது பரிமளம் கத்தியதால் வெள்ளையை எறிந்துவிட்டாரோ என்று நான் யோசித்தேன். பரிமளம் சொன்னாள், "உங்களுக்கொண்டும் தெரியாது. போடுற சேட்டுக்கு ஏற்ற மாதிரி மாத்துறார் போலை." உடனே நான் சேட்டைப் பார்த்தேன். அக்கா, திங்கட்கிழமை போட்ட அதே நீலச் சேட்டு, அதே பூசணிக்காய்க் கறை. உடுப்பை மாற்றாமல் கத்தியை மட்டும் மாற்றுகிற மனிதனை நான் என் ஆயுளில் கண்டதில்லை. எங்கள் வீட்டில் குசினிக்கு ஒரு கத்தி, வெளிவேலைக்கு ஒரு கத்தி. அதற்கு மேல் கத்தி வைத்திருப்பவர் இறைச்சிக்கடைக்காரர். இவரோ ஒரு கொம்பியூட்டர்க் கொம்பனியில் கதிரையில் இருந்து வேலை செய்பவர்.

கேட்டுவிடுவது நல்லது என்று கேட்டேன். "தம்பி, உமக்கு எத்தினை கத்தி இருக்கு?"

"இஞ்சை கொண்டு வந்தது கொஞ்சம்தான் அங்கிள். வீட்டிலை ஒரு மேசை லாச்சி நிறைய இருக்கு. ரொட்டேசனிலை எடுக்கிறனான். இண்டைக்கு இதின்ரை முறை."

ரொட்டேசன் என்ற சொல் எனக்குப் புதிதில்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்த காலம் முழுக்க அதைத்தானே செய்தேன். பழைய அரிசி மூட்டை முன்னுக்கு, புது மூட்டை பின்னுக்கு. ஆகவே தெம்போடு, "அரிசியெண்டால் வைச்சிருந்தால் வண்டு வரும். கத்தியை வைச்சிருந்தால் என்ன வரும்?" என்று கேட்டேன்.

"கத்திக்கு ஒண்டும் வராது அங்கிள். ஒண்டையே கொண்டு திரிஞ்சால் எனக்குத்தான் அலுத்துப்போகும்."

"அப்ப ஏன் அவ்வளவு கத்தி வாங்கினீர்?"

"ஒவ்வொண்டும் வேறை வேறை அங்கிள். ஒண்டு மெல்லிசு, ஒண்டு பாரம், ஒண்டு பிடிக்க நல்ல சுகம்."

"எல்லாம் வெட்டும்தானே?"

"ஓம், எல்லாம் வெட்டும்."

"அப்ப?"

"அதுதான் அங்கிள்" என்றார், எனக்கு விளங்கிவிட்டது போல. பிறகு ஃபோனை எடுத்துக் காட்டினார். உலகம் முழுக்க இவரைப் போல ஆட்கள் இருக்கிறார்களாம். காலையில் எழும்பி, இன்றைக்கு என் பொக்கற்றில் இருப்பது இது என்று கத்தி, மணிக்கூடு, ரோச் லைற், பேனை எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் படம் எடுத்துப் போடுவார்களாம். மற்றவர்கள் பார்த்துப் பாராட்டுவார்களாம். தாடி வைத்த பெரிய பெரிய மனிதர்கள், அக்கா! நானும் சும்மா என் சேட்டுப் பொக்கற்றைக் கொட்டிக் காட்டினேன். வெற்றிலைச் சுருள், படகு ரிக்கற், மாட்டுக்கு உண்ணி மருந்து. அதையும் படம் எடுத்துப் போட்டுவிட்டார். அதற்கும் யாரோ ஒரு வெள்ளைக்காரர் அபாரம் என்று எழுதியிருக்கிறாராம். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை மறைக்கவில்லை.

ஆனால் படுத்த பிறகு அந்த ஒரு சொல் மண்டைக்குள் குடையத் தொடங்கியது. அலுத்துப்போகும். ஒன்றையே வைத்திருந்தால் அலுத்துப்போகும் என்று வாய்விட்டுச் சொல்பவரின் கையில் ஒற்றைப் பெண்பிள்ளையை எப்படிப் பிடித்துக் கொடுப்பது? அவளுக்கு வயது முப்பத்தொன்று. அவளுக்குப் பார்த்த இரண்டு இடங்களை நான்தான் வேண்டாம் என்றேன். ஒருவர் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே இருந்தார், மற்றவர் சிரிக்கவே இல்லை. இரண்டும் எனக்கு நல்லதாகப் படவில்லை. இந்த முறை அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள், "அப்பா, இதையும் முறிச்சியளெண்டால் இனி ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வராதேங்கோ. நான் பள்ளிக்கூடமும் வீடுமா இருந்திடுவன்." சொன்னால் சொன்னபடி செய்கிற பிள்ளை. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம்.

ஆகவே அன்று இரவே சாதகக் குறிப்புப் பார்க்கிற சாத்திரியார் அம்பலவாணரிடம் போனேன் என்று எழுதினால் அது பிழை. புதன் விடியத்தான் போனேன், மாட்டை அவிழ்த்துவிடக்கூட இல்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "சனிக்கிழமை கறுப்பு. திங்கள் வெள்ளை. செவ்வாய் சிவப்பு. உமக்கு ஒண்டும் தெரியேல்லையோ?" என்றார். அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. சனிக்குக் கறுப்பு, சந்திரனுக்கு வெள்ளை, செவ்வாய்க்குச் சிவப்பு! கிரகங்களின் நிறம்! பையன் ஏதோ பெரிய தோஷத்துக்குப் பரிகாரம் செய்துகொண்டு திரிகிறார், அதுவும் சனியின் உலோகமான இரும்பால், என்று சாத்திரியார் அடித்துச் சொல்லிவிட்டார். "குறிப்பு நல்லாய்ப் பொருந்தினது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றேன். "நான் பாத்தது அவையள் தந்த நேரத்துக்கு. கனடாவிலை வருசத்துக்கு ரெண்டு தரம் மணிக்கூட்டை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளுறவையாம். அப்பிடிப்பட்ட நாட்டிலை பிறந்த நேரத்தை ஆர் நம்புறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அக்கா, உண்மையிலேயே தள்ளுகிறார்களா? ஏன் தள்ளுகிறார்கள்? யாரும் ஒன்றும் சொல்வதில்லையா? இதற்கும் பதில் எழுதுங்கள்.

நேரே கேட்கக்கூடாது, கேட்டால் மறைத்துவிடுவார்கள், இருந்து கவனியும் என்றார் சாத்திரியார். கவனித்தேன். அன்று புதன், புதனுக்குப் பச்சை. மாப்பிள்ளை படலையைத் திறந்துகொண்டு வந்தார், கதிரையில் இருந்தார், தேத்தண்ணி குடித்தார், கத்தியை வெளியே எடுக்கவே இல்லை. கடைசியில் நானே ஒரு தேங்காய்த் தும்புக் கயிற்றைக் கொண்டுபோய், "இதை ஒருக்கால் வெட்டித் தாரும்" என்றேன். எடுத்தார். பச்சை! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் வெட்டித் தந்த கயிறு மாடு கட்டுகிற நல்ல கயிறு என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. வியாழன் வந்தது, மஞ்சள் வர வேண்டும். பித்தளைப் பிடி, பளபளவென்று மஞ்சள். பரிமளம் குசினிக்குள் போய் அழுதாள். "செவ்வாய்தோஷக்காரனைப் பாத்து அனுப்பிப்போட்டா உங்கடை அக்கா" என்றாள். அப்படி அவள் சொன்னதை நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டாம். நானும் அதையேதான் சொன்னேன்.

இன்று வெள்ளிக்கிழமை. சுக்கிரனுக்கும் வெள்ளைதான், திங்கட்கிழமைக் கத்தி திரும்பி வரும் என்று சாத்திரியார் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை கொண்டு வந்தது நீலம். எனக்கு ஒரு நிமிடம் உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்ச் சாத்திரியாரிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. "நீலமும் சனியின்ரை நிறம்தான். சனிபகவான் ஒரு நாள் முந்தியே வந்து பிடிச்சிட்டார். நான் நினைச்சதை விடக் கடுமை" என்றார். வெள்ளை வந்தாலும் தோஷம், வராவிட்டாலும் தோஷம் என்றால் நான் என்ன செய்வது?

ஆகவே அக்கா, நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த இடம் சரிவராது. நாளைக் காலையில் அவர் யாழ்ப்பாணம் போகப் படகேறுகிறார். போகட்டும். கலியாண எழுத்துக்கு நாள் வைப்பதை நிறுத்தச் சொல்லி அவருடைய தாய் தகப்பனிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்ல வேண்டும். கத்தியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குறிப்பில் பிழை என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு நான் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இந்தக் கொட்டிலில் இருக்கிறேன். என் முடிவில் இனி மாற்றம் இல்லை.

அத்தானுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினாலும் பின்னுக்குத் தள்ளினாலும் நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்க அம்பாளை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் கலங்கிப்போன தம்பி,
இலட்சுமணன்

பின்குறிப்பு: சனிக்கிழமை. கடித உறையை மூடி முத்திரையும் ஒட்டிவிட்டபடியால், உறையைக் கிழிக்க மனமில்லாமல் ஓரத்தால் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளதை வாசித்திருந்தால் மறந்துவிடுங்கள், அத்தானுக்கு வாசித்துக் காட்டவே வேண்டாம். காலையில் மாப்பிள்ளை பயணம் சொல்ல வந்தார். கத்தியைக் காட்டச் சொன்னேன், காட்டினார். கறுப்பு. என்னால் பொறுக்க ஏலவில்லை. "தம்பி, மறைக்காமல் சொல்லும். சனிக்கிழமையிலை ஏன் கறுப்பு? உமக்கு என்ன தோஷம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் விளங்காமல் நிலாந்தினியைப் பார்த்தார். அவள், "நான்தான் அப்பா" என்றாள். இங்கே வர முதல் நாளில் இருந்தே ஒவ்வொரு பின்னேரமும் அவர் கத்திகளை வரிசையாக வைத்துப் படம் எடுத்து ஃபோனில் அனுப்பி, நாளைக்கு எது என்று இவளிடம் கேட்பாராம். இவள்தான் நாளுக்கேற்ற நிறம் பார்த்துச் சொன்னாளாம். "அப்ப நேற்று நீலம்?" என்றேன். "முதல் நாள் பின்னேரம் சிக்னல் இல்லை. அவர் தன்ரை பாட்டிலை எடுத்திட்டார். நான் நேற்று முழுக்கப் பயந்துகொண்டெல்லோ இருந்தனான்" என்றாள். நீ விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டேன். "உங்கடை கேள்வியளுக்கு முன்னாலை வந்து நிக்கிற மனுசனுக்கு ஏதாவது ஒரு கிரகத்தின்ரை துணை வேண்டாமோ?" என்றாள். அலுத்துப்போகும் என்று அவர் சொன்னதையும் விடாமல் கேட்டேன். அதற்கும் அவளே பதில் சொன்னாள். "அலுக்கக்கூடாதெண்டுதான் மாத்துறார். சின்ன வயசிலை வாங்கின முதல் கத்தி இண்டைக்கும் அவரிட்டை இருக்கு. அவர் ஒண்டையும் கைவிட்டதில்லை அப்பா. நீங்கள் ரெண்டு மாப்பிள்ளையைக் கைவிட்டிட்டியள்." எழுத்துக்கு வருகிற ஆவணியில் நாள் பார்த்தாயிற்று, சாத்திரியாரும் இப்போது குறிப்பில் ஒரு குறையும் இல்லை என்கிறார். நீங்கள் அத்தானோடு கட்டாயம் வர வேண்டும். ஏன் கத்தியை மாற்றுகிறார் என்பது மட்டும் எனக்கு இன்னமும் விளங்கவில்லை. யார் சொல்லி மாற்றுகிறார் என்பது விளங்கிவிட்டது. கலியாணத்துக்கு முதலே இப்படிக் கேட்டு நடக்கிறவர் நம் குடும்பத்துக்குச் சரிதான் என்று பரிமளம் சொல்கிறாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.