கண்டக்டர் சாயலில் ஒரு சூசையப்பர்

சிலையை மூடியிருந்த துணியை விலக்கியதும் கோயிலில் எல்லோரும் முழங்காலிட்டார்கள். அற்புதம்மாள் மட்டும் இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் தடவினாள்.

“என்னம்மா தேடுறீக?” என்றார் பங்குச்சாமியார் பெரியநாயகம்.

“தெரியல சாமி. இந்த முகத்தப் பாத்ததும் கை தானா சில்லறை எடுக்கப் போகுது.”

அப்போதுதான் மற்றவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். நின்றது சூசையப்பர்தான். தாடி இருந்தது, கையில் லீலி மலர் இருந்தது. முகம் மட்டும் கோட்டையூர் டவுன் பஸ் கண்டக்டர் அருள் பிரகாஷுடையது.

சிலையைச் செய்தது அவன் மனைவி, ஓவிய ஆசிரியை மரிய அனிதா.

அருளுக்கு வெட்கம் பாதி, பெருமை பாதி. காதோரத்து மச்சம்கூட விட்டுப்போகவில்லை. வெறும் சிமெண்டில் இப்படி உயிரைக் கொண்டுவர வேறு யாரால் முடியும்? அரியக்குடிப் பெருமாள் கோயில் தூண் சிற்பங்களை அவள் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம், வெளியே செருப்புக்குக் காவல் இருந்தவன் அவன்தான்.

“வேணும்னு செய்யலங்க,” என்று அனிதா கண்கலங்கினாள். “கை தானா உங்க முகத்துக்குப் போயிருச்சு.”

“நல்ல கைதான். திருவிழாவுக்குள்ள மாத்திரு, போதும். பஸ்ல ஏறுறவுக நெத்தியில சிலுவை போட்டுட்டு டிக்கெட் கேக்குறாக.”

அனிதா தாடியை மார்பு வரை நீட்டினாள். அடுத்த ஞாயிறு பூசையில், வேளாங்கண்ணிக்கு நடந்து போய்த் திரும்பிய அருள் மாதிரி நின்றார் சூசையப்பர்.

“தாடி வளத்தா மட்டும் மீதிச் சில்லறைய மறந்துருவமா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பிரசங்கம் பாதியில் நின்றது.

“சிமெண்ட் பிடிவாதம் பிடிக்குதுங்க. முதல்ல படமா வரைஞ்சு முகத்தக் கண்டுபிடிக்கிறேன்,” என்று அனிதா எண்ணெய் வண்ணத்தில் இறங்கினாள். சோற்றில்கூட டர்பெண்டைன் வாடை. ஆனால் அந்தக் கன்னத்தில் விழுந்திருந்த மாலை வெயிலைப் பார்த்து அருள் அசந்துபோனான்.

சாமியார் படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். “சிலையில முறைச்சாரு. இதுல, நிறுத்தத்துல நிக்காமப் போயிட்டுத் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறாரும்மா.”

கடைசியில் அருள்தான் யோசனை சொன்னான். காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் இராமுவின் கம்ப்யூட்டர் சென்டர். அது தொண்ணூற்றெட்டாம் வருஷம்; கோயில் மாதிரி அங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏசி அறைக்குள் போக வேண்டும். அனிதா தன்னையறியாமல் கும்பிட்டாள்.

படம் திரையில் ஏறியது. இராமு மூக்கைக் குறைத்தான். சளி பிடித்த அருள். கண்ணைப் பெரிதாக்கினான். செக்கிங் இன்ஸ்பெக்டரைக் கண்ட அருள்.

“கொடுங்க இங்குட்டு,” என்று அனிதா மவுஸை வாங்கினாள். வாங்கிய வேகத்தில் தாடை காணாமல் போனது. “ஐயோ!”

“பதறாதீக டீச்சர். பழையபடி கொண்டாந்துரலாம்.” இராமு ஒரு தட்டுத் தட்டினான். தாடை வந்து உட்கார்ந்தது.

அனிதா திரையைத் தொட்டுப் பார்த்தாள். “கல்லுல உளி தவறுனா அதோட போச்சு. இந்த வரம் அரியக்குடித் தூணச் செதுக்குனவருக்குக் கிடைச்சிருந்தா!”

“இன்னும் செஞ்சு முடிச்சிருக்க மாட்டாரு,” என்றான் அருள்.

அவள் காதில் அது விழவில்லை. புருவத்தை விரித்தாள், தாடையை ஒடுக்கினாள், கண்ணோரத்தை இழைத்தாள். மனசு போதும் என்று சொன்ன இடத்தில் நிறுத்தினாள். “இதாங்க முகம்!” அந்த அச்சுப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிலையின் முகத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாக வார்த்தாள்.

திருவிழாவன்று துணி விலகியபோது சாமியாரே முதலில் முழங்காலிட்டார். அற்புதம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கருணையும் கண்டிப்பும் கலந்த அப்படி ஒரு பார்வையை யாரும் கண்டதில்லை.

அருள் முழங்காலிட்டவன் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தோடு நின்ற அனிதாவின் தங்கை பெனிட்டா குனிந்து, “என்னாச்சு மச்சான்?” என்றாள்.

“என்னமோ தெரியலம்மா. இவரு கண்ணப் பாத்தா, செஞ்ச தப்பையெல்லாம் ஒண்ணுவிடாம ஒத்துக்கிடணும்னு தோணுது.”

பெனிட்டா சிலையை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

“அந்தத் தாடிய மட்டும் கையால மறச்சுக்கிட்டுப் பாருங்க மச்சான். அது எங்க அக்கா!”