நான் சுரண்டிய சிவப்புக் கோடுகள்

எனக்குக் குடி இல்லை, வெற்றிலை இல்லை, சீட்டாட்டமும் இல்லை. கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான்: துடைப்பது. அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இராது. கல்யாணமான முதல் வாரமே, மாமியாரின் கறுத்த மண்சட்டியைப் புதிதாக்கித் தருகிறேன் என்று தேய்த்துத் தேய்த்து ஓட்டை போட்டவன் நான். (அன்றிலிருந்து அவர் என்னைக் குசினிப் பக்கமே விடவில்லை.) சட்டி போனால் இன்னொரு சட்டி வாங்கலாம். ஆனால் இன்னொரு வீட்டாருக்காக நான் துடைத்தது வாங்கக்கூடிய பொருள் அல்ல. அதைச் சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

நசீரும் நானும் ஒரே வகுப்பு. அவன் வீடு யாழ்ப்பாணம் சோனகத் தெருவில், எங்கள் வீடு அரியாலையில். அவனுடைய வாப்பா தையற்காரர். என் அப்பாவின் காற்சட்டை எல்லாம் அவர் தைத்ததுதான். அவர்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே ஒரு பலகை தொங்கும். 'பிஸ்மில்லாஹ்' என்று தொடங்கும் வசனத்தை வாப்பாவே கறுப்புப் பெயின்றால் அரபியில் எழுதியிருந்தார்.

தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, அவர்கள் உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போனார்கள். சில நாள் கழித்து அப்பா அங்கே போய்ப் பார்த்தார். வீட்டில் கதவுகூட மிச்சமில்லை, பலகை மட்டும் தொங்கியது. கழற்றிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து நாங்களே ஓடியபோது அம்மாவின் தையல் மெஷினை விட்டுவிட்டு அந்தப் பலகையைத்தான் சைக்கிள் கரியரில் கட்டினார். (அம்மா கடைசிவரை இதை மன்னிக்கவில்லை.) இப்படி ஷெல்லுக்கும் கறையானுக்கும் தப்பிய பலகை, அப்பா காலமான பிறகு என் கைக்கு வந்தது. அதன் போதாத காலம்.

சண்டை முடிந்து ஒரு வருடம் இருக்கும். நசீர் ரெலிபோன் எடுத்தான்.

"மச்சான், உம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன். வீட்டைப் பாக்கவேணுமாம்."

வாப்பா புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். அவர் எழுதியதை உம்மாவின் கையில் கொடுக்கும்போது பளபளக்க வேண்டாமா? சாக்கை அவிழ்த்தேன். கறுப்பு எழுத்து அப்படியே இருந்தது. ஆனால் எழுத்துகளுக்கு மேலேயும் கீழேயும், மங்கிப்போன சிவப்பில் சின்னச் சின்னத் தீற்றல்கள். சில தடிப்பு, சில கோணல், சில வழிந்தும் இருந்தன. யாரோ பெயின்ற் அடிக்கும்போது தெறித்ததாக்கும் என்று நினைத்தேன். எழுத்தோடு சேர்ந்த கறுப்புப் புள்ளிகளை நான் தொடவில்லை. (அவ்வளவு அறிவு இருந்தது!) சிவப்பை மட்டும் பாதிச் சவர பிளேட்டால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். மூன்று நாள். பிறகு ஒரு பூச்சு வார்னிஷ்.

அவர்கள் அரியாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் பலகையைப் புதுப் படுக்கை விரிப்பால் மூடி, சிலை திறக்கும் மந்திரி மாதிரித் திறந்து காட்டினேன். உம்மா எழுத்தைத் தடவினார்.

"இவர்ரை கை," என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். "மகன், இதில சிவப்பாக் கொஞ்சம் இருந்ததே?"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "ஓம் உம்மா! ஆரோ பெயின்ற் தெளிச்சிருக்கிறாங்கள். மூண்டு நாளா இருந்து சுரண்டி எடுத்தனான். ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை. வடிவாப் பாருங்கோ!"

(வடிவாப் பாருங்கோ. அதையும் நான்தான் சொன்னேன்.)

நசீர் நிலத்தைப் பார்த்தான். "டேய், அது தாத்தா வைச்சது."

அவர்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். நசீரின் அக்கா பரீனா, புத்தளத்துக்குப் போன மூன்றாம் மாதம் காய்ச்சலில் இறந்தவள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது.

அரபியில் ஓர் எழுத்தை 'அ' என்று ஒலிப்பதா, 'இ' என்று ஒலிப்பதா, 'உ' என்று ஒலிப்பதா என்பதை மேலேயும் கீழேயும் இடும் சிறு குறிகள்தான் சொல்லுமாம். தமிழில் நாம் 'கி'க்குப் போடும் விசிறி, 'கெ'க்குப் போடும் கொம்பு மாதிரி. பழகியவர்களுக்கு அவை தேவையில்லை என்பதால் வாப்பா போடாமல் விட்டிருந்தார்.

"அவளுக்கு ஆரோ கியூட்டெக்ஸ் குடுத்திருக்கினம்," என்றார் உம்மா. "நகத்தில பூசினா தொழுகைக்குக் கை கழுவிச் சரிவராது, பூசாதை எண்டு ஏசினன். அடுத்த நாள் பாத்தா முழுப் போத்தலையும் இதில பூசி வைச்சிருக்கிறாள். குறி இல்லாட்டிச் சின்னப்பிள்ளையள் எப்பிடி வாசிக்கிறதெண்டு என்னட்டைக் கேள்வி." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "அவளின்ரை படம் ஒண்டும் நாங்கள் எடுத்துக்கொண்டு போகேல்லை, மகன்."

நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். நான் அறைக்குள் ஓடி மனைவியின் கியூட்டெக்ஸ் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அது ஊதா நிறம்.

"திரும்ப வைச்சுத் தாறன் உம்மா."

"வேண்டாம். நீ வைச்சா அது உன்ரை கையெல்லோ."

நான் அழுதுவிட்டேன். முப்பத்திரண்டு வயது மனிதன், ஊதாப் போத்தலைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். பிள்ளையின் கடைசி அடையாளத்தையும் இழந்தவர் அவர். ஆனால் அவர்தான் என் முதுகைத் தடவினார்.

"அழாதை. உங்கடை வீடு காப்பாத்தாட்டிப் பலகையே இல்லை." பிறகு என் கையைப் பிடித்தார். "எந்த இடத்தில குறி வரும் எண்டு எனக்குத் தெரியும். அவள் எப்பிடி வைச்சிருந்தாள் எண்டதுதான் மறந்துபோச்சு. நீ ஒண்டொண்டாச் சுரண்டினனீயெல்லோ. சொல்லு பாப்பம்."

சொன்னேன். மூன்று நாள் மூக்கு முட்டப் பார்த்தவனுக்கு எப்படி மறக்கும்?

அவர்கள் சோனகத் தெருவில் வீட்டைத் திருத்திக் குடியேறிப் பல வருடமாகிறது. பலகை பழையபடி வாசல் நிலையில் தொங்குகிறது. நசீரின் பிள்ளைகளுக்கு நான் பிளேட் மாமா. நான் படலையைத் திறந்தால் போதும், "பிளேட் மாமா வாறார், எல்லாத்தையும் ஒளியுங்கோ!" என்று உள்ளே கத்துவார்கள். நசீரின் மனைவி மேசைத் துணியை எடுத்து மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் தேத்தண்ணி தருவார்.

உம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. ஒவ்வொரு பெருநாளுக்கும் பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். அவர் ஓதிக்கொண்டு போக, அரபியில் ஓர் எழுத்தும் தெரியாத நான் அவருடைய விரலைப் பிடித்து இடத்தில் வைப்பேன். இது மெல்லிசு உம்மா. இது தடிப்பு. இது கொஞ்சம் கோணல்.

போன பெருநாளும் அப்படித்தான். கடைசிக் குறிக்கு வந்தோம்.

"இது கீழ வழிஞ்சு போயிருந்தது, உம்மா. காய முந்திப் பலகையை நிமித்தியிருக்கிறா."

உம்மாவின் விரல் அந்த வெறும் இடத்திலேயே நின்றது.

"அவசரக்காரி," என்றார். "எத்தினை தரம் சொன்னனான்."