ஃபவுல் அண்ணனின் பசாங்கான்

ஜொகூர் மாநிலத்தில் பொய் சொல்லத் தெரியாமல் பிறந்த ஒரே லாரி ஓட்டுநர் எங்கள் யோங் பெங் ஊர் ஃபவுல் அண்ணன்தான். மலேசியாவிலேயே என்று எழுதத்தான் ஆசை. அவர் இருந்திருந்தால், "எல்லா மாநிலத்தையும் போய்ப் பாத்தியா தம்பி?" என்று கேட்டு அந்தச் சொல்லை அடித்துவிடச் சொல்லியிருப்பார்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். வேலை முடிந்தால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஸ்னூக்கர் கடைக்கு வந்துவிடுவார். அந்த ஆட்டத்தில் கையோ சட்டையோ பந்தில் பட்டால் ஃபவுல். எதிராளிக்குக் குறைந்தது நாலு புள்ளி. நாங்களெல்லாம் பட்டதும் கூரையைப் பார்ப்போம். இவர் ஒருவர்தான், யாரும் பார்க்காத தன் தப்புக்குத் தானே கையைத் தூக்கி "ஃபவுல்!" என்று கத்துவார். அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோனது.

மேசையோடு விட்டாரா? அதுவும் இல்லை. சிவப்பு விளக்கைத் தாண்டியதைப் பார்க்கவே பார்க்காத போலீஸ்காரர் முன்னால் லாரியை நிறுத்தி, இறங்கிப்போய் ஒப்புக்கொண்டார். அவர் இவரை ஏற இறங்கப் பார்த்து, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மலாயில் விசாரித்து அனுப்பிவைத்தார். கோயில் அன்னதானத்தில் "நான் ரெண்டாவது தடவ உக்காந்துட்டேன். ஃபவுல்!" என்று எழுந்து நின்றார். அதே பந்தியில் இரண்டாம் தடவை உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர் இலையை மூடவேண்டியதாயிற்று. நானும் ஒருவன். பாயசம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

வீட்டில் சண்டை வந்தாலும் இதே கதைதான். "சரோ, அது என் ஃபவுலு. உனக்கு நாலு பாயிண்டு." கல்யாணமான நாளிலிருந்து சரோஜா அக்காதான் முன்னணியில் இருந்தார்.

நாட்டுக்கு இரண்டே பேர் என்று ஜோடி ஜோடியாக ஆடும் சர்வதேச ஸ்னூக்கர் போட்டி ஒன்று உண்டு. கடை டிவியில் அது ஓடினால் அண்ணன் உட்காரமாட்டார்.

"ஃபுட்போலுக்குப் பதினோரு பேர் வேணும் தம்பி. இதுக்கு நீயும் நானும் போதும். ரெண்டு பேர் சேந்தா ஒரு நாடு லா!"

மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என்னை ஒரு நாட்டின் பாதி என்று சொன்னவர் வேறு யாரும் இல்லை. நம்பினேன். ஆறு வருடம் அவரோடு ஜோடியாக ஆடினேன்.

அப்போதுதான் நாட்டுக்கு ஆடும் ஜோடியைத் தேர்ந்தெடுக்க ஜொகூர் பாருவில் முதல் சுற்று என்று செய்தி வந்தது. "விண்ணப்பப் பாரம் நான் எழுதுறேன், நீ வெஸ்ட்டு தைச்சுக்க" என்றார் அண்ணன். தைத்துக்கொண்டேன். சட்டைக்கு மேல் போடும் கையில்லாக் கோட்டு, கறுப்புத் துணி, பளபளக்கும் பொத்தான். கண்ணாடி முன்னால் நின்று குனிந்துகூடப் பார்த்தேன்.

போட்டியன்று சரோஜா அக்காவும் வேடிக்கை பார்க்க வந்தார். அதிகாரி பட்டியலைப் பார்த்து அழைத்தார். முதலில் அண்ணனின் பெயர். அடுத்து, "புவான் சரோஜா!" அதாவது திருமதி சரோஜா.

அக்கா திருதிருவென்று விழித்தார். பாரத்தில் 'நாமா பசாங்கான்', பசாங்கானின் பெயர், என்று கேட்டிருக்கிறார்கள். மலாயில் பசாங்கான் என்றால் ஜோடி. ஸ்னூக்கரில் அது கூட ஆடுகிறவர். அரசாங்கப் பாரம் எதிலும் அது கணவன் அல்லது மனைவி. இத்தனை வருடம் அரசாங்கப் பாரமே எழுதிப் பழகிய அண்ணனின் கை, யோசிக்காமல் பொண்டாட்டி பெயரை எழுதிவிட்டது.

"அலமாக்! தம்பி, ஃபவுலு!" என்றார்.

எழுதிய பெயரை மாற்ற முடியாது, ஆடுங்கள் அல்லது விலகுங்கள் என்றார் அதிகாரி. வெஸ்ட் இல்லாமல் ஆடவும் விடமாட்டார்களாம். நானே கழற்றி, அக்காவின் பஞ்சாபி சூட்டுக்கு மேல் மாட்டிவிட்டேன்.

"இந்தக் குச்சிய எப்படிங்க பிடிக்கிறது?"

"ஒட்டடக் கம்பு மாதிரி பிடி சரோ!"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி இடித்த முதல் இடியில் ஒரு சிவப்புப் பந்து எங்கெங்கோ முட்டி ஓரக் குழியில் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. எதிராளிகள் சிரித்துச் சிரித்தே பந்துகளைக் கோட்டைவிட்டார்கள். அண்ணன் அன்று ஆடிய ஆட்டம் நான் பார்த்ததிலேயே சிறந்தது. கடைசியில் கறுப்புப் பந்து ஒன்றே மிச்சம். அதுவும் குழி வாயில் நிற்கிறது. அக்காவின் முறை. லேசாகத் தட்டினால் வெற்றி.

அக்கா குனிந்தார். துப்பட்டா நுனி கறுப்புப் பந்தைத் தடவிவிட்டுப் போனது. நடுவர் அந்தப் பக்கம் நின்றார். எங்கள் இருவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

"ரெஃப்ரி! என் பொண்டாட்டி ஃபவுல்!"

கறுப்பு மட்டும் மிஞ்சியிருக்கும்போது ஃபவுல் என்றால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. தோற்றோம். கை குலுக்கிவிட்டு வெளியே வந்தோம்.

காரில் ஊர் திரும்பும் வழியில் சிம்பாங் ரெங்கம் தாண்டினோம். பிறகு அக்கா மெதுவாக, "ஏங்க, இதுக்கும் எனக்கு நாலு பாயிண்டுதானா?" என்றார்.

"ஏழு. கறுப்புக்கு ஏழு."

இறங்கும்போது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்குச் செஞ்சதுதான் தம்பி பெரிய ஃபவுலு."

"பரவால்லண்ணே" என்றேன். பரவாயில்லை என்றது பொய். மனதுக்குள் அவ்வளவு கோபம். அடுத்த வாரம் அவர் கூப்பிட்டபோது ஷிஃப்டு மாறிவிட்டது என்று புளுகினேன். அதற்கடுத்த வாரமும் அதே புளுகு. அவர் அப்படியே நம்பினார். பிறகு சிங்கப்பூரில் வேலை கிடைத்து, எல்லைக்கு இக்கரையில் ஜொகூர் பாருவின் தெப்ராவுக்குக் குடிவந்துவிட்டேன்.

கடைசியாகப் போனில் பேசியபோது, "மறுபடி பாரம் வந்தா நீயே எழுது தம்பி. நான் பேனாவத் தொடமாட்டேன்" என்றார். சிரித்தேன். கோபம் போயே போய்விட்டது. லீவு கிடைத்ததும் வருகிறேன் என்றேன். லீவு கிடைப்பதற்குள், லாரி டயரைப் பார்க்கக் குனிந்தவர் நிமிரவில்லை என்று சரோஜா அக்காவிடமிருந்து போன் வந்தது.

இப்போது அந்த ஜோடிப் போட்டி கைப்பேசியிலேயே வருகிறது. சிங்கப்பூர்ப் பாலத்தில் பஸ் நகராமல் நிற்கும்போது பார்ப்பேன். ஒரே மாதிரி வெஸ்ட் போட்ட இரண்டு பேர் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுப்பார்கள். அந்த இடம் வந்தால் நிறுத்திவிடுவேன், தாங்காது. ஷிஃப்டு மாறவே இல்லை என்பதையாவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

தெப்ராவிலும் ஒரு ஸ்னூக்கர் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்த் தனியாட்டம் ஆடுகிறேன். ஜோடிக்கு ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.

"எனக்கு ஜோடி இருக்கு லா" என்பேன். "வெளியூர் போயிருக்காரு."