போனைக் கொஞ்சம் குடுங்க

நம்மிடையே ஓர் இனம் இருக்கிறது. அதற்குத் தனி ஊர் கிடையாது, தனிச் சாதி கிடையாது, கொடி பிடித்து மாநாடு கூட்டுகிற பழக்கமும் கிடையாது. ஆனால் பத்துப் பேர் சேர்கிற இடத்தில் ஒருவராவது இருப்பார். அடுத்தவர் கையில் போனைப் பார்த்துவிட்டால் அவருடைய வலது கை தானாக நீளும், கண் லேசாகச் சுருங்கும், நாடி பிடிக்கப் போகும் வைத்தியரின் குரலில் ஒரே ஒரு வாக்கியம் வெளிவரும்: "போனைக் கொஞ்சம் குடுங்க."

கொடுத்தவர் கெட்டார்.

இவர்களை ரிப்பேர்க்காரர்களோடு சேர்த்துவிடாதீர்கள். ரிப்பேர்க்காரர் கூலி வாங்குவார். கூலி வாங்குகிறவரிடம் சண்டை போடலாம். இவர்கள் செய்வது தர்மம். தர்மத்துக்கு வாரன்டி கேட்க முடியுமா?

ஹரி இந்த இனத்தை முதன்முதலில் நேருக்கு நேர் சந்தித்தது செம்பூரை ஒட்டிய திலக் நகரில், ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படியில். சங்கரன்கோயில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன் அவன். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவன் பட்டம் வாங்கிய படம் ஊரில் டிவிக்கு மேலே சாமி படத்துக்குச் சரிசமமாக மாட்டப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் பூ உண்டு. நவி மும்பையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அறை பார்த்துப் பையோடு மேலே ஏறிக்கொண்டிருந்தவனை, இரண்டாம் மாடியில் குடியிருக்கும் தளவாய் வழிமறித்தார். மான்குர்த்தில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். ஐம்பதைத் தாண்டிய, நன்றாகத் தேய்த்த சட்டைக்காரர்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

சொன்னான். ஊரில் என்றால் இதற்கு அடுத்த கேள்வி வேறாக இருக்கும். எப்படிச் சமாளிக்கலாம் என்று ஹரி யோசிப்பதற்குள் இவர் கேட்டது: "என்ன போன் வச்சிருக்கிய?"

பம்பாய் எவ்வளவு முற்போக்கான நகரம் என்று அவன் மகிழ்ந்துபோய் போனை எடுத்துக் காட்டினான். அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் குறைவு. தளவாய் போனை வாங்கினார். திறந்திருந்த ஆப்களை எல்லாம், சட்டையில் ஊரும் எறும்பைத் தட்டிவிடுகிற மாதிரிக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகச் சுண்டி எறிந்தார்.

"எல்லாம் பேக்ரவுண்டுல ஓடுது வே. வீட்டுல அத்தன லைட்டையும் போட்டுட்டு வெளிய போவியளா?"

அப்படியில்லை, போன் அதைத் தானே பார்த்துக்கொள்ளும், மூடி மூடித் திறந்தால்தான் சார்ஜ் கூடுதலாகச் செலவாகும் என்று ஹரி பணிவாக எடுத்துச் சொன்னான். தளவாய் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"தம்பி என்ன படிச்சிருக்கு?"

"பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், அண்ணாச்சி."

"அதான்."

நான்கு வருடப் படிப்பு, அரியர் இல்லாத மார்க் ஷீட், டிவிக்கு மேலே தொங்கும் படம், அதற்குப் போடும் பூ, எல்லாம் அந்த ஒரு 'அதான்'-இல் முங்கிப்போயின.

தளவாய்க்குக் கருத்து இல்லாத துறை எதுவும் கிடையாது. போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினால் ஞாபக சக்தி போய்விடும். சார்ஜை எண்பதுக்கு மேல் ஏற்றினால் பேட்டரி மலடாகிவிடும். தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைக்க வேண்டும், அதுவும் பச்சரிசியில். நாம் பேசுவதைப் போன் ஒட்டுக்கேட்கிறது. அவர் ஒருநாள் மூலத்தைப் பற்றி யாரிடமோ பேச, மறுநாள் காலை பல் தேய்க்கும் முன்பே விளம்பரம் வந்துவிட்டது, இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? ஏஐ என்பது சுத்த ஏமாற்று: "உள்ள ஆயிரம் பேரு உக்காந்து டைப் அடிக்கான் வே, நாமதான் மிஷின்னு நெனச்சிக்கிட்டு வாயப் பொளக்கோம்." அடுத்த வாரமே, தண்ணீர் சரியாக வரவில்லை என்று கட்டடச் சொசைட்டிக்கு இங்கிலீஷில் ஒரு புகார்க் கடிதத்தை அதே ஏஐ அவருக்கு எழுதிக் கொடுத்தது. அன்று மாலை படிக்கட்டில் அறிவித்தார்: "உலகத்தையே இது மாத்தும்னு நான் அப்பவே சொன்னேம்லா?"

இந்த இனத்தின் கருத்து மாறும். 'நான் அப்பவே சொன்னேன்' மட்டும் மாறவே மாறாது.

அவர் கைபட்ட போன்களைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். ஒன்றில் எழுத்துகள் போஸ்டர் அளவுக்கு வீங்கியிருக்கும். இன்னொன்று திடீரென்று குஜராத்தியில் பேசும். கீழ்வீட்டு ஞானசீலனின் போனில், மெசேஜ் வந்தால் டார்ச் விளக்கு மின்னுகிற மாதிரி ஏதோ ஒன்றை அமுக்கிக் கொடுத்துவிட்டார். கோயிலில் எல்லாரும் முழங்காலிட்டுக் கண்மூடி ஜெபிக்கும்போது ஞானசீலனின் சட்டைப்பையில் மின்னல் வெட்டும். அதை நிறுத்தச் சொல்லித் தளவாயிடமே போனைக் கொடுத்தார். இப்போது டார்ச்சோடு சேர்ந்து போன் அதிரவும் செய்கிறது.

பிறகு ஏன் கொடுக்கிறார்கள் என்பீர்கள். கூப்பிட்ட குரலுக்கு வருவார். சாயா ஒன்றைத் தவிர எதையும் வாங்க மாட்டார். அரைமணி நேரம் உங்கள் போனையே உற்றுப்பார்த்து உங்களுக்காகக் கவலைப்படுவார். சொந்தப் பிள்ளை செய்வானா? ஆகவே கட்டடமே தளவாயிடம் போனது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த ஹரியிடம் ஒருவரும் வரவில்லை. அவனுக்கு அது சொல்லவும் முடியாத, மெல்லவும் முடியாத வருத்தம்.

நிலைமை இப்படி இருக்கையில்தான் ஞானசீலனின் மகள் ஜெனிக்கு நிச்சயம் வந்தது.

அந்தக் குடும்பத்துக்குத் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர். தாய்மாமன் 'தட்டை மாத்துங்க' என்று வாய்திறந்து சொல்லாமல் நிச்சயத் தட்டு கைமாறக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஜெனியின் தாய்மாமன் இன்னாசி கத்தாரில் இருந்தார். இருந்தது கத்தாரில் என்பது பிரச்சினை இல்லை, இருந்தது கோபத்தில். இரண்டு வருடத்துக்கு முன் ஊரில் புதுவீடு அர்ச்சிப்புக்கு அவர் வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினார். ஞானசீலன் டூட்டியில் நின்றபடியே பார்த்தார், அப்புறம் பதில் போடலாம் என்று நினைத்தார், மறந்தார். கத்தாரில் நீல டிக் விழுந்தது. பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லையா அத்தான்? இன்னாசி குடும்பக் குரூப்பிலிருந்து வெளியேறினார், நம்பரை மாற்றினார், அக்காள் சவரியம்மாளோடும் பேச்சை நிறுத்தினார். அந்தக் காலத்தில் குடும்பம் பிரிய வயக்காட்டு வரப்பாவது வேண்டியிருந்தது. இப்போது இரண்டு நீலக் கோடு போதும்.

ஜெனி மட்டும் எப்படியோ மாமனின் புது நம்பரைப் பிடித்து, வாரக்கணக்கில் கெஞ்சி, கடைசியில் சம்மதிக்க வைத்தாள். ஞாயிறு பதினொன்றரைக்கு வீடியோ காலில் வருவார். அங்கே அது வேலை நாள். சற்று நேரம்தான் அனுமதி. வந்தால் தட்டு மாறும், இரண்டு வருடத்துப் பேச்சும் திரும்பும். சவரியம்மாள் அந்த வாரம் முழுக்க நடந்தது தரையில் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை. கூடம் நிறைய மாப்பிள்ளை வீட்டார், ஓரத்தில் ஹரியோடு கட்டடத்துக்காரர்கள். வெற்றிலை, பழம், பட்டு வைத்த தட்டுக்கு முன்னால் மணையில் ஒரு செம்பு. செம்பில் சாய்ந்தபடி ஜெனியின் போன். தாய்மாமன் ஸ்தானமாயிற்றே, சவரியம்மாள் அதன் விளிம்பில் சந்தனம்கூடத் தொட்டு வைத்திருந்தாள்.

தளவாய் வந்தார். உட்கார்ந்தார். போனைப் பார்த்தார். அதில் சிவப்பாக ஒரு புள்ளி.

"இத வச்சிக்கிட்டா வெளிநாட்டுக்கு வீடியோ கால் பேசப் போறிய? அப்டேட் நிலுவைல நிக்கே. நடுவுல எவனாவது பூந்து பாப்பான், பொம்பளப் பிள்ளையள் இருக்க எடம். போனைக் கொஞ்சம் குடுங்க."

"அண்ணாச்சி, இப்ப வேண்டாம். சாயங்காலமா போடலாம்," என்றான் ஹரி.

"தம்பி, நீங்க படிச்சது தியரி. இது பிராக்டிகல்."

சபையில் இரண்டு பேர் சிரித்தார்கள். தளவாய் அமுக்கினார். திரை கறுத்தது. நடுவில் ஒரு மெல்லிய கோடு தோன்றி, மூட்டுவலியோடு படியேறும் கிழவரைப் போல நகர ஆரம்பித்தது.

பதினொன்றரை ஆயிற்று. கோடு கால்வாசிகூட வரவில்லை.

வேறு போனில் கூப்பிடலாமே என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். நல்ல யோசனை. நம்பர்? ஜெனி மாமனின் நம்பரை எங்கே வைத்திருக்கிறாள்? போனில். மனப்பாடமாகத் தெரியுமா? யாருக்குத்தான் யார் நம்பர் தெரிகிறது, சொல்லுங்கள். கட்டிய மனைவியின் நம்பரையே 'வீடு' என்று போட்டு வைத்துக்கொண்டு அலைகிற காலம்.

அப்போதுதான் ஹரி ஒன்றைக் கண்டான்: மாப்பிள்ளை வீட்டிலும் அந்த இனம் வந்திருந்தது. ஒருவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடி என்றார். இன்னொருவர், தொட்டால் போன் செங்கல்லாகிவிடும் என்றார். சூடாகிறது, ஃபிரிட்ஜில் வையுங்கள் என்று ஓர் அம்மாள் சொன்னாள். சமையலறையிலிருந்து பிரியாணி மணம் வந்து வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. தட்டு தட்டாகவே இருந்தது.

உண்மையைச் சொன்னால், அந்தக் கோடு நகராத ஒவ்வொரு நிமிடமும் ஹரிக்குள் சர்க்கரை கரைந்தது. தியரியாம், பிராக்டிகலாம். நன்றாக வேண்டும். அப்படி அவன் ரகசியமாக இனித்துக்கொண்டிருந்தபோது சவரியம்மாள் கண்ணில் பட்டாள். அவள் போனைப் பார்க்கவில்லை. யாரையும் திட்டவுமில்லை. சேலை முந்தானையின் ஓரத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். இனிப்பு அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பன்னிரண்டு தாண்டிப் போன் கண்விழித்தது. ஜெனி பாய்ந்து எடுத்துப் பார்த்தாள். மிஸ்டு கால் எதுவும் இல்லை. ஒன்றுகூட இல்லை. அவள் கூப்பிட்டாள், மணி போகவில்லை.

"அவன் கூப்பிடவே இல்ல," என்றாள் சவரியம்மாள் மெதுவாக. "மனசு மாறிட்டான்." பிறகு ஞானசீலனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரண்டு நீலக் கோடுகளும் இருந்தன.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, நேரமாகிறதே, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று தயக்கமாக ஆரம்பித்தார். பாதியில் போன் அடித்தது.

திரை முழுக்க இன்னாசியின் வியர்த்த முகம். 'ஹலோ' கூடச் சொல்லவில்லை.

"அக்கா, கோவிச்சிராத. மாதா மேல சத்தியமா நான் வேணும்னு செய்யல. ரூம்ல ஒருத்தரு இருக்காரு, நல்ல மனுஷன். வீடியோ கால் பேசப் போறேன்னு சொன்னதும், போனைக் குடு, ஒரே நிமிஷம்னாரு. அப்டேட்டு போட்டுட்டாருக்கா. இப்பந்தான் தொறந்துச்சு."

சவரியம்மாள் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். ஞானசீலன் எழுந்துவந்து போனை வாங்கினார். இரண்டு வருடமாக என்ன பேசுவது, எப்படி ஆரம்பிப்பது என்று அவர் உருப்போட்டு வைத்திருந்த மன்னிப்பு ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.

"மச்சான்," என்றார், "ஒங்களுக்கு எத்தன பர்சென்ட்ல நின்னுச்சு?"

"நாப்பத்தொண்ணுல, அத்தான். அப்படியே செத்துப்போச்சு."

"எங்களுக்கு இருவத்தெட்டு."

"அடப்பாவமே," என்றார் இன்னாசி, சாவு கேட்டவர் போல.

அவ்வளவுதான். இருவரும் பொதுவான ஓர் எதிரியைக் கண்டுகொண்டார்கள்; உறவு பழுதில்லாமல் ஓட அதைவிட நல்ல எண்ணெய் உண்டா? அங்கே சூப்பர்வைசர் கூப்பிடும் சத்தம் கேட்டது. இன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தட்டை மாத்துங்க" என்றார். தட்டு மாறியது.

கடைசியில் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து கண்ணாடி போட்ட ஒரு முகம் எட்டிப் பார்த்தது. ரூம்காரர் ஹமீது, கீழக்கரைக்காரர். இந்தப் பக்கத்தில் தளவாயின் முகமும் நுழைந்தது.

"படம் கண்ணாடி கணக்கா தெரியுதுல்லா?" என்றார் தளவாய்.

"அப்டேட் போட்டம்ல, அண்ணாச்சி," என்றார் ஹமீது.

பிரிந்த சகோதரர்கள் சேர்ந்துகொண்ட மாதிரி இருவரும் பூரித்து நின்றார்கள்.

இப்போது ஜெனி கல்யாணமாகிக் கோவண்டியில் இருக்கிறாள். இன்னாசி குடும்பக் குரூப்புக்குத் திரும்பிவிட்டார். விடியுமுன் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புகிறார், ஞானசீலன் பார்த்த கையோடு பதில் போடுகிறார், கோயிலில் மின்னல் இரட்டிப்பாகிவிட்டது. தளவாய் அதே இரண்டாம் மாடியில் இருக்கிறார். அந்தக் குடும்பக் குரூப்புக்கு இப்போது அட்மினும் அவர்தான். ஹரி மாட்டுங்காவில் வேறு அறைக்குப் போய்விட்டான். நேற்று ரயிலில் பக்கத்து ஆள், சார்ஜ் சாகக் கிடக்கிற போனில் வெளிச்சத்தை முழுசாக வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். ஹரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜன்னலைப் பார்த்தான். ஒரு ஸ்டேஷன்வரை தாங்கினான். பிறகு வலது கை தானாக நீண்டது.

"பாய், ஏக் மினிட், ஃபோன் தேனா ஜரா."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நடுவில், நம்பர் தெரியாமல் அந்தக் கூடமே தவித்த இடத்தில், 'அட, சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டிருக்கலாமே, ஜெனியின் மெயிலுக்குள் போய் நம்பரை எடுத்திருக்கலாமே, நான் இருந்திருந்தால்...' என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா?

தோன்றியிருந்தால், கையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.